மகளுக்கு எந்தப் பலகை?



கற்பிட்டிப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்துக்கு இம்மாதப் பகுதியை முழுமையாக ஒதுக்குகின்றேன். கணவர் கடற்றொழில் செய்பவர். இவர் கருவாடு போட்டு விற்கிறார். மூத்த மகளுக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, களப்போரத்து விருந்தினர் விடுதி ஒன்றில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்த நேரங்களில், பட்டத்தின் இழுப்பில் பலகைமேல் நின்று தண்ணீரில் ஓடும் ‘கைற் சேர்பிங்’ விளையாட்டைப் பழகியிருக்கிறாள்.

“மிஸ், பிள்ளை இப்போது பலகையில் எழும்பி நின்று கொஞ்சத் தூரம் ஓடுகிறாள். சொந்தமாக ஒரு பலகை வேண்டும் என்கிறாள். சோளகக் காற்று முடிந்து ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டவர் மூவர் தாங்கள் பாவித்த பலகைகளை விற்கப் போகிறார்களாம். எனக்குச் சீட்டுக்காசு 75,000 ரூபாய் வர இருக்கிறது. மூன்றில் எது நல்லது? பலகைதானே, எல்லாம் ஒன்றுதான், மலிவானதை எடு என்கிறார் இவர்.”

மூன்று பலகைகளின் விபரத்தையும் மகளின் நிறையையும் (52 கிலோ) அவர் கவனமாக எழுதி அனுப்பியிருக்கிறார். முதலாவது கறுப்பு நிறம், 133 சென்றிமீற்றர் நீளம், 39 அகலம், கால் வைக்கும் இடத்தில் சப்பாத்துப் பூட்டியது, 70,000 ரூபாய். இரண்டாவது 158 நீளம், 45 அகலம், “கதவு போன்றது”, 45,000 ரூபாய். மூன்றாவது முனை கூரான அலைப்பலகை, 5 அடி 5 அங்குலம், 60,000 ரூபாய்.

இது விளையாட்டுப் பொருள் பற்றிய கேள்விதானே, நமக்கு ஏன் என்று சில சகோதரிகள் நினைக்கலாம். ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சேமிப்பும், ஒரு பிள்ளையின் உயிர்ப் பாதுகாப்பும், நாளைக்கு அவள் செய்யக்கூடிய தொழிலும் இந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. கற்பிட்டிக் களப்பிலும் மன்னார்ப் பக்கமும் இந்த விளையாட்டுக்காக உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். ஆகவே இக்கேள்வி வேறு வீடுகளிலும் எழக்கூடியது.

எல்லாப் பலகையும் ஒன்றல்ல

தையல் தெரிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். வீட்டுத் தையல் மெஷினும் ஆடைத் தொழிற்சாலையிலுள்ள ஜூக்கி மெஷினும் இரண்டுமே தையல் மெஷின்கள்தான். பழகாத பிள்ளையை ஜூக்கியில் இருத்தினால் துணி கையை மீறி ஓடும், ஊசி விரலில் ஏறும். மெஷினில் குறை இல்லை. அது வேறு கைக்குச் செய்யப்பட்டது.

இந்த விளையாட்டு ஒன்றும் மிகப் பழையதல்ல. பிரான்ஸ் நாட்டின் புரூனோ, டொமினிக் லெகெனூ என்ற சகோதரர்கள் காற்று நிரப்பிய பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை பெற்றார்கள். அவர்களது பட்டம் 1990களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த பின்னரே விளையாட்டு பரவியது. ஆரம்ப காலப் பலகைகள் பல அலைப்பலகை போல ஒரு பக்கம் மட்டும் ஓடுபவை. பின்னர் இரு முனையும் ஒரே மாதிரியான பலகை வந்து, பழகுவதை எளிதாக்கியது. இன்று முக்கியமாக நான்கு வகைகளைக் காணலாம்.

முதல் வகை ‘ருவின் ரிப்’. இரண்டு முனையும் ஒன்று போலிருக்கும். வலப்பக்கமும் ஓடலாம், காலை மாற்றாமல் இடப்பக்கமும் திரும்பி வரலாம். பழகுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். கால் நுழைக்கப் பட்டியும், அடியில் மீன் செட்டை போன்ற நான்கு சிறு செட்டைகளும் இருக்கும்.

இரண்டாவது வகை இலேசான காற்றுக்குரிய பெரிய ருவின் ரிப். நீளம் 150 சென்றிமீற்றருக்கு மேல், அகலமும் அதிகம். காற்றுக் குறைந்த நாளிலும் மிதந்து ஓடும். நிறை கூடியவர்களுக்கும் உதவும்.

மூன்றாவது, அலைப்பலகை. முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. திரும்பும்போது காலை மாற்றி வைக்க வேண்டும். பலர் காற்பட்டி இல்லாமலே ஓடுவார்கள். திறந்த கடலில் அலையைப் பிடித்து ஓடுவதற்கு இதுவே சிறந்தது.

நான்காவது, ‘பொயில்’ பலகை. பலகையின் அடியில் ஒரு தண்டும் அதன் கீழே விமானச் சிறகு போன்ற இறக்கையும் இருக்கும். வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். 2024 ஓகஸ்டில், பரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் மார்செய் கடலில் நடைபெற்றபோது, இந்தப் பலகையில்தான் பட்டப் போட்டி முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பெண்கள் பிரிவில் பிரித்தானியாவின் எலி ஓல்ட்ரிஜ் தங்கம் வென்றார். ஆண்கள் பிரிவில் சிங்கப்பூரின் 17 வயது மெக்ஸ் மேடர் வெண்கலம் வென்றார். பார்க்க அழகானதுதான். ஆனால் தண்டு நீளமானது, இறக்கையின் ஓரம் கூரானது. இடுப்பளவு தண்ணீருள்ள களப்பில் தரையில் முட்டினால் ஓடுபவர் தூக்கி எறியப்படுவார். ருவின் ரிப்பில் நன்றாக ஓடத் தெரிந்த பின், ஆழமான இடத்தில், பயிற்றுநர் ஒருவரோடுதான் அதைத் தொட வேண்டும்.

பார்க்க வேண்டிய நான்கு விடயங்கள்

நிறமும் பெயரும் பார்த்துப் பலகை வாங்குவது, அட்டைப் படத்தைப் பார்த்துப் பாடப்புத்தகம் வாங்குவது போன்றது. பார்க்க வேண்டியவை நான்கு.

நீளமும் அகலமும் முதலாவது. இவை ஓடுபவரின் நிறைக்குப் பொருந்த வேண்டும். சாதாரணக் காற்றில், பழகியவர்களுக்கு ஏறக்குறைய இந்த அளவுகள் சரி:

நிறை 45 முதல் 55 கிலோ: நீளம் 130 – 135, அகலம் 38 – 40.
55 முதல் 65 கிலோ: நீளம் 134 – 138, அகலம் 39 – 41.
65 முதல் 80 கிலோ: நீளம் 136 – 141, அகலம் 41 – 42.
80 கிலோவுக்கு மேல்: நீளம் 140 – 146, அகலம் 42 – 44.

பழகுபவர்கள் இதற்கு மேல் 3 – 5 சென்றிமீற்றர் நீளமும் ஒன்றிரண்டு அகலமும் கூட்டிக்கொள்ள வேண்டும். பெரிய பலகை சீக்கிரம் மிதக்கும், பட்டத்தைச் சற்றுப் பிழையாகப் பிடித்தாலும் உடனே தாழாது. அளவு மீறிப் பெரிதானால் பலத்த காற்றில் காலுக்கு அடங்காது. அலை தட்டித் தட்டி முழங்கால் நோகும்.

இரண்டாவது, வளைவு. பலகையைத் தரையில் வைத்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். இரு முனையும் எவ்வளவு மேலே எழும்பியிருக்கின்றன என்பதுதான் வளைவு. தட்டையான பலகை இலகுவாக ஓடும், காற்று வரும் பக்கம் நோக்கி ஏறிச் செல்லவும் உதவும். வளைவு கூடிய பலகை, துள்ளி விழும்போது மெதுவாக இறங்கும். ஆனால் அதை ஓட்டக் கூடுதல் இழுப்பு வேண்டும்.

மூன்றாவது, நெகிழ்வு. ஒரு முனையை நிலத்தில் ஊன்றி நடுவில் அழுத்தினால் சற்று வளைந்து கொடுக்கும் பலகை, சிற்றலையின் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். அழுத்தியும் அசையாத விறைப்பான பலகை, துள்ளுவதற்கு நல்ல உதைப்புத் தரும். ஆனால் பழகும் பிள்ளையின் சிறு தவறுக்கும் உடனே தண்டனை தரும். நடுவில் மரமும் மேலே கண்ணாடி நாரும் வைத்த பலகைகள் பொதுவாக நெகிழ்வானவை. காபன் நார் கூடினால் விறைப்பும் விலையும் கூடும்.

நான்காவது, கால் வைக்கும் இடம். திறந்த பட்டியில் கால் இலகுவாக நுழையும், விழும்போது இலகுவாகக் கழன்றும் விடும். பூட்டிய சப்பாத்தில் கால் கழலாது. துள்ளிச் சுழன்று வித்தை செய்பவர்கள் அதை விரும்பியே பூட்டுகிறார்கள். விழத் தெரியாதவர்களுக்கு அது கணுக்காலையும் முழங்காலையும் முறுக்கும்.

யாருக்கு எது?

இப்போதுதான் எழும்பி நிற்பவர்களுக்கு: நீளமும் அகலமும் சற்றுக் கூடிய, தட்டையான, நெகிழ்வான ருவின் ரிப்.

காற்றை எதிர்த்து ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரத் தெரிந்தவர்களுக்கு: தங்கள் நிறைக்கேற்ற நடுத்தரப் பலகை. இதைச் சாதாரண ஓட்டத்துக்குரிய பலகை என்பார்கள். நாலைந்து வருடம் தாராளமாகப் பாவிக்கலாம்.

உயரத் துள்ள விரும்புபவர்களுக்கு: சற்றுச் சிறிய, ஒடுக்கமான, விறைப்பான பலகை. வித்தை செய்பவர்களுக்கு: வளைவு கூடிய, சப்பாத்துப் பூட்டக்கூடிய விறைப்புப் பலகை. இவ்விரண்டும் பலத்த காற்றும் பலமான உடம்பும் கேட்பவை.

சில கம்பனிகள் பெண்களுக்கென்றே பலகை செய்கின்றன. டுவோடோன் கம்பனியின் ‘சொலெய்ல்’ அப்படியான ஒன்று. இத்தகைய பலகைகளின் பூவும் நிறமும் முக்கியமல்ல. அளவு சிறியது, நெகிழ்வு கூடியது, காற்பட்டிகளைச் சற்று நெருக்கமாகவும் பூட்டலாம் என்பவைதான் முக்கியம். இந்தக் குணங்கள் உள்ள சாதாரணப் பலகையும் ஒரு பெண்ணுக்கு அதே அளவு பொருந்தும். “பெண்களுக்கானது” என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த மூன்று பலகைகள்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

முதலாவது பலகையின் அளவு மகளின் நிறைக்கு ஓரளவு பொருந்துகிறது. விற்பவர் அதைத்தான் சொல்லுவார். ஆனால் சப்பாத்துப் பூட்டியிருப்பதைப் பார்த்தால் அது வித்தை செய்பவரின் விறைப்பான பலகை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, துளைகள் பொருந்தினால் காற்பட்டி பூட்டலாம். ஆனால் பலகையின் விறைப்பைக் கழற்ற முடியாது. விலையும் சீட்டுக்காசு முழுவதையும் விழுங்கிவிடும். வேண்டாம்.

இரண்டாவது பலகை மலிவு. பழகுவதற்கு இலேசு என்பதும் உண்மை. டிசம்பர் முதல் மார்ச் வரையான வாடைக் காலத்தில், காற்று மென்மையாக வீசும் நாட்களில், அது இந்தப் பிள்ளைக்கு உதவும். ஆனால் மே முதல் ஒக்ரோபர் வரை சோளகம் 20 நொட்ஸ், அதற்கும் மேல் என்று வீசும்போது, 52 கிலோ உள்ள பெண்ணால் 158 சென்றிமீற்றர் பலகையை ஓரம் சாய்த்துப் பிடிக்க முடியாது. பட்டம் ஒரு பக்கம் இழுக்க, பலகை தட்டுப் போல வழுக்கி அவளைக் காற்றோடு கொண்டு போய்விடும். வருடத்தின் நல்ல காற்றுக் காலம் முழுவதும் அது சுவரில் சாய்ந்து கிடக்கும். மலிவானதை எடு என்று சொன்ன கணவருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது பலகை அலைக்குரியது. களப்பில் அலை இல்லை. இரண்டு வருடத்துக்குப் பின் பிள்ளை விரும்பினால் பார்க்கலாம்.

ஆகவே என் பதில்: அக்கா, மூன்றும் வேண்டாம். உங்கள் மகளுக்குத் தேவையானது 135 முதல் 138 நீளமும் 40 அல்லது 41 அகலமும் உள்ள, நெகிழ்வான, காற்பட்டியோடு கூடிய சாதாரண ஓட்டப் பலகை. பயிற்சி நிலையங்கள் பருவ முடிவில் தங்கள் பழைய பலகைகளை விற்பதுண்டு. மூன்று பேர் விற்கிறார்கள் என்பதற்காக அந்த மூன்றுக்குள்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. காசு சேமிப்புப் புத்தகத்தில் ஒன்றிரண்டு மாதம் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பாவித்த பலகை வாங்கும்போது

வாங்கும் நாளில் மகளையும், பலகை பற்றித் தெரிந்த ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். பின்வருவனவற்றைப் பாருங்கள்.

1. ஓரங்களை விரலால் தடவுங்கள். பிளந்திருந்தால் உள்ளே தண்ணீர் போய் மரம் ஊறியிருக்கலாம்.

2. பலகையை நடுவிலிருந்து முனைவரை விரலால் தட்டிக்கொண்டு போங்கள். தேங்காய் தட்டிப் பார்ப்பது போலத்தான். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறினால் உள்ளே படை பிரிந்திருக்கிறது.

3. இரு காற்பட்டிகளுக்கும் இடையில் குறுக்கே மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று வெயிலில் பாருங்கள். பலகை முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

4. ஆணித் துளைகள் எல்லாவற்றிலும் ஆணியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் கறள் பிடித்துப் புரி தேய்ந்த துளையைத் திருத்துவது கடினம்.

5. செட்டைகள் நான்கும், காற்பட்டி இரண்டும், நடுக் கைபிடியும் விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள்.

6. பணம் கொடுக்குமுன் ஒரு நாள் ஓடிப் பார்க்கத் தரச் சொல்லுங்கள். நேர்மையாக விற்பவர் மறுக்க மாட்டார்.

பலகைக்கு முன் வேண்டியவை

கடிதத்தில் பட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பலகை மட்டும் ஓடாது. பட்டம், பிடிக்கும் தடி, கயிறுகள், இடுப்பில் கட்டும் கச்சை எல்லாம் வேண்டும். பட்டம் பலகையைவிட விலை கூடியது. அதை இப்போதைக்குப் பயிற்சி நிலையத்திலேயே வாடகைக்கு எடுப்பது நல்லது. வீட்டில் பலகை இருக்கிறது என்பதற்காக, யாரோ கொடுக்கும் பழைய பட்டத்தோடு மகள் தனியாக இறங்கக்கூடாது. அவசரத்தில் பட்டத்தின் இழுப்பை ஒரே தட்டில் துண்டிக்கும் பாதுகாப்புப் பூட்டு வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இறங்குமுன் பார்க்க வேண்டும்.

தலைக்கவசமும் மார்புக் கவசமும் கட்டாயம். பலகையைக் கயிற்றால் உடம்போடு கட்டும்படி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். விழும்போது அந்தக் கயிறு இழுபட்டு, பலகை திரும்பி வந்து தலையில் அடிக்கும். பலகை தவறினால் பட்டத்தின் இழுப்பில் தண்ணீரில் உடம்பை இழுத்துச் சென்று எடுப்பதற்குப் பயிற்சியின் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அதை அறியாதவள் பலகை வாங்கத் தயாரில்லை என்றே கொள்ளுங்கள். நீச்சலும் அப்படியே. கடற்கரைப் பிள்ளைக்கு நீச்சல் தானாக வரும் என்று நம்பாதீர்கள்.

கரைவலை இழுக்கும் இடத்திலும் வலை விரித்த இடத்திலும் ஓடக்கூடாது. பலகையின் செட்டை வலையை அறுத்தால் அது நம் அயல் வீட்டின் ஒரு நாள் சாப்பாடு. மீனவரின் மகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவளிடம் நாளைக்குப் பழக வருபவர்களுக்கு அவள் சொல்ல வேண்டும்.

உடுப்பைப் பற்றியும் பல தாய்மார் கேட்கிறார்கள். முழுக் கைச் சட்டையும் கணுக்கால்வரை ஒட்டிய நீச்சல் உடுப்பும் வெயிலுக்காக வெளிநாட்டவர்களே அணிபவை. தலையை மூடுபவர்கள் ஒட்டிய நீச்சல் மூடியைக் கவசத்துக்குள் அணியலாம். தொங்கும் துப்பட்டா, ஊசி, தளர்ந்த நாடா மட்டும் கூடாது. கயிற்றில் சிக்கினால் ஆபத்து.

சொந்தப் பலகையின் பெறுமதி

இவ்வளவும் சொன்ன பின், “அப்படியானால் பலகையே வேண்டாம், விடுதிப் பலகையில் ஓடட்டும்” என்று நீங்கள் முடிவெடுத்துவிடக்கூடாது. அதையும் சொல்ல வேண்டும்.

நமது கரையோர ஊர்களில் வள்ளம் யாருடைய பெயரில்? வலை யாருடைய பெயரில்? மீனைத் தரம் பிரித்து, உப்புப் போட்டு, காயவைத்து விற்பது பெண்கள். கருவி மட்டும் பெரும்பாலும் ஆண்களுடையது. கருவி யாரிடமோ அவரிடமே நேரமும் முடிவும் இருக்கின்றன. இதே கதை இந்தப் புதிய விளையாட்டிலும் திரும்பி விடக்கூடும். விடுதியில் வேலை செய்யும் பையன்கள் பின்னேரம் வேலை முடிந்ததும் ஓய்வாகக் கிடக்கும் பலகையை எடுத்துக்கொண்டு இருட்டும்வரை பழகலாம். பிள்ளைகளோ பொழுது சாயுமுன் வீடு திரும்ப வேண்டும். காலையில் கேட்டால் பலகை பயணிகளிடம் இருக்கும். சொந்தமாக ஒன்று இருந்தால், அவள் யாரிடமும் கேட்டு நிற்காமல் தன் நேரத்தில் பழகுவாள். ஆகவே உங்கள் மகள் கேட்டது ஆடம்பரமல்ல.

அறுகம்பேயில் பெண்கள் 2018இல் தமக்கென அலைச்சறுக்குக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். பெண்கள் சேர்ந்தால் ஊரின் பேச்சும் மெல்ல மாறும். உங்கள் மகளைப் போல் பழகும் இன்னும் ஓரிருவர் இருந்தால், மூவருமாகச் சேர்ந்தும் பலகை வாங்கலாம். நான் சொன்ன அளவு 50 முதல் 60 கிலோ வரை உள்ள பழகும் பிள்ளைகளுக்குப் பொருந்தும். காற்பட்டியை அவரவர் காலுக்குத் தளர்த்தி இறுக்கலாம். எவ்வளவு பணம் யார் போட்டது, எந்தக் கிழமை யாருக்கு, உடைந்தால் யார் திருத்துவது என்பதை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். சிநேகிதம் நிலைக்க அது உதவும்.

மிஞ்சும் சீட்டுக்காசை என்ன செய்வது? மகள் பயிற்றுநராக விரும்பினால், பாடசாலைச் சான்றிதழ் போல இதற்கும் சான்றிதழ் உண்டு. 2001இல் தொடங்கிய சர்வதேச கைற்போர்டிங் அமைப்பு, ஐ.கே.ஓ. என்பது, படிப்படியாகப் பயிற்சியளித்துச் சான்றிதழ் வழங்குகிறது. தனித்து ஓடவும் காற்றை எதிர்த்து ஏறவும் தெரிந்த பின்னரே பயிற்றுநர் பயிற்சிக்குப் போக முடியும். முதலுதவியும் தெரிந்திருக்க வேண்டும். முதலுதவி வகுப்புக்கும் பேச்சு ஆங்கிலத்துக்கும் இப்போதே அனுப்பலாம். பெண் பயிற்றுநரிடம் பழக விரும்பும் பெண்களுக்கு அப்படியொருவர் உள்ளூரிலேயே கிடைத்தால், அது அவளுக்கும் வருமானம், வருபவர்களுக்கும் ஆறுதல்.

பலகை வாங்க எது சரியான நாள் என்று கேட்பீர்கள். மகள் களப்பில் ஓரிடத்தில் இறங்கி, அங்குமிங்கும் பத்துத் தடவை ஓடி, கரையோரம் நடந்து வராமல் இறங்கிய இடத்திலேயே ஏறட்டும். இப்படி மூன்று வெவ்வேறு நாட்களில் செய்து காட்டினால், அவள் சொந்தப் பலகைக்குத் தயார். அந்த நாளில் நீங்களும் கரைக்குப் போய்ப் பாருங்கள், முடியுமானால் கணவரையும் கூட்டிச் செல்லுங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பிள்ளை எவ்வளவு விளங்கி வைத்திருக்கிறாள் என்பதைக் கடற்றொழில் செய்யும் தகப்பனைவிட நன்றாகக் கண்டுபிடிக்கக்கூடியவர் வேறு யார்?

பற்றுச்சீட்டு எழுதும்போது அதில் மகளின் பெயர் இருக்கட்டும்.